வருஷப்பிறப்புக்கு வெளிநாட்டு மருமகள் வந்தால்

சித்திரைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது என் பெறாமகன் நோர்வேயிலிருந்து போன் எடுத்தான். "சித்தி, இந்தமுறை அவளையும் கூட்டிக்கொண்டு வாறன், வருஷத்துக்கு நிப்பம்." அவன் கட்டிய பிள்ளை நோர்வேக்காரி, யாழ்ப்பாணம் வருவது அதுதான் முதல் தடவை. அறைக்கு ஏசி பூட்டுவதா, கறிக்கு உறைப்பைக் குறைப்பதா என்றெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்தோமே தவிர, வருஷத்தன்று எங்கள் வீட்டில் நடக்கிற கூத்து புதிதாகப் பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது வருவதாக இருந்தால், நாங்கள் பட்டுத் தெளிந்தது உதவும்.

நேரத்தை முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். புதுவருஷம் என்றால் அவர்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டு மணி. எங்களுக்கு அது விடியப்புறமும் பிறக்கும், மத்தியானமும் பிறக்கும், 13ஆம் திகதியும் பிறக்கும், 14ஆம் திகதியும் பிறக்கும். சூரியன் மேட ராசிக்குள் போகிற நேரம்தான் கணக்கு, அது வருஷத்துக்கு வருஷம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் தள்ளும் என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். விளங்கப்படுத்த முடியாதது அடுத்தது: வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். எங்கள் வீட்டில் அண்ணர் திருக்கணிதம், என் மனுசன் வாக்கியம், இருவரும் காலைத் தேத்தண்ணியோடு தொடங்கினால் முடிய மாட்டார்கள். விருந்தாளியிடம் ஒரு நேரத்தை மட்டும் சொல்லுங்கள், அதுவும் குளிக்க வேண்டிய நேரத்தை.

அடுத்தது மருத்துநீர். பிழை விட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வருஷம் பிறப்பதற்கு முன் நாலு மணித்தியாலமும் பின் நாலு மணித்தியாலமும் புண்ணியகாலம். அதற்குள் தலையில் மருத்துநீர் வைத்துத் தோய வேண்டும். கோயிலில் ஐயர் காய்ச்சி வைத்திருப்பார், போத்தல் கொண்டுபோய் வாங்கி வருவோம். பிள்ளையை முற்றத்தில் கிழக்குப் பார்க்க நிற்க வைத்து, தலையில் ஒரு இலை, காலுக்குக் கீழே இன்னொரு இலை வைத்து (எந்த இலை என்பது அந்தந்த வருஷப் பஞ்சாங்கத்தில் இருக்கும்), அறுகம்புல்லால் தொட்டுத் தொட்டு நான்தான் வைத்தேன். மஞ்சள் தண்ணீர் நெற்றியால் வழிந்து மூக்கு நுனியில் ஒரு சொட்டாய் நின்றது. அவள் சிரித்துக்கொண்டு, நல்ல மணம், என்ன போட்டது என்று கேட்டாள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், மஞ்சள், மிளகு, சுக்கு என்று நான் அடுக்கிக்கொண்டு போக, பக்கத்தில் நின்ற பெறாமகன் மிச்சத்தையும் மொழிபெயர்த்துவிட்டான்: பால், கோசலம், கோமயம். மாட்டு மூத்திரமும் சாணியும் என்று அவர்களுடைய மொழியில் நேராகச் சொன்னால் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மூக்கு நுனிச் சொட்டைத் துடைக்கவும் பயம், விடவும் பயம்.

ஆகவே என்ன இருக்கிறது என்பதை வைக்க முன்னமே சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வெறும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டால் சரி. ஏன் என்று கேட்டால் தயவுசெய்து விஞ்ஞானம் பேசாதீர்கள். எங்கள் அத்தான் ஒருத்தர் கிருமி, எதிர்ப்புச் சக்தி என்று தொடங்கி, அவள் கேட்ட இரண்டாவது கேள்வியிலேயே மாட்டுப்பட்டார். "அம்மம்மா வைச்சவ, நாங்களும் வைக்கிறம்" என்று நான் சொன்னதை அவள் உடனே ஏற்றுக்கொண்டாள்.

கைவிசேஷத்துக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை தேவை. வெற்றிலையில் நெல்லும் பூவும் புதுத் தாள் காசும் வைத்து அம்மா நீட்ட, அவள் இடக்கையை நீட்டினாள். அதைத் திருத்தி வாங்க வைத்தால், வாங்கிய கையோடு உள்ளே ஓடிப்போய் 200 குரோனர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். கடன் வைக்கக்கூடாதாம்! மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கொடுப்பது, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, உடனே செலவழிக்காமல் வைத்திருப்பது, வலக்கை. இந்த நாலையும் சொல்லிவிட்டால் போதும். அந்த 200 குரோனர் இன்னும் அம்மாவின் பிஸ்கட் பேணிக்குள் இருக்கிறது, மாற்ற விடமாட்டா.

சாப்பாட்டைப் பற்றி கவலைப்படாதீர்கள், பயற்றம் பணியாரமும் முறுக்கும் யாருக்கும் இறங்கும். போர்த்தேங்காய் அடிக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனால் விளக்கமே தேவையில்லை, சிரட்டை தடித்த காயால் மற்றவன் காயை அடித்து உடைப்பது எந்த ஊர்க்காரனுக்கும் விளங்கும். ஆனால் ஆவணியில் வந்து நல்லூர்த் திருவிழாவுக்கும் நிற்பதென்றால் தூக்குக்காவடியைப் பற்றி வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். முதுகில் முள்ளுக் குத்தித் தொங்கிக்கொண்டு வருகிற மனுசரை றோட்டில் திடீரென்று காணவிடுவது நியாயமில்லை. ஆண்பிள்ளை என்றால் கோயிலுக்குள் சேட்டைக் கழற்ற வேண்டும் என்பதையும் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டா. நத்தாருக்கு மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாட்டுப் பாடி நடப்பார்களாம், அரிசிக் கஞ்சிக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பை ஒளித்து வைத்து, அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்கு இனிப்பால் செய்த பன்றி கொடுப்பார்களாம். அதைவிட உயிர்த்த ஞாயிறு. மலையில் உள்ள வீடுகளுக்குப் போய் எல்லோரும் கொலைக்கதை வாசிப்பார்களாம், பால் பெட்டியிலும் துப்பறியும் படக்கதை அச்சடித்து வருமாம். 1923இல் ஒரு ரயில் கொள்ளை நாவலுக்குப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போட்ட விளம்பரத்தை உண்மைச் செய்தி என்று சனம் நம்பியதில் தொடங்கிய வழக்கமாம். அம்மா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினா. "யேசு உயிர்த்த நாளிலயோ கொலைக்கதை?" பிறகு மருத்துநீர்ப் போத்தலைப் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை.

இந்தமுறை அவர்களால் வர முடியவில்லை. சித்திரைக்கு முதல்நாள் அவளே போன் எடுத்தாள், அங்கே மூன்றரை மணித்தியாலம் பிந்தும், எத்தனை மணிக்குத் தோய வேண்டும் என்று. நேரத்தைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டு உடனே திரும்ப எடுத்தாள்.

"சித்தி, இது வாக்கியமா, திருக்கணிதமா?"