தைராய்டு மாத்திரை, சத்து மாத்திரை, கேன்சர் சிகிச்சை: மூன்றும் மோதாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டு, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் அதன்மேல் கொட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தவை மட்டும் போதாது. முடி வளர வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்த சூரணம், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மல்டிவைட்டமின், ஃபிரிட்ஜ் மேல் தூசி படிந்து கிடக்கும் புரோட்டீன் பவுடர், எல்லாம் வரட்டும். என் அக்காவுக்குத் தைராய்டில் பாப்பிலரி வகைக் கேன்சர் வந்து, சுரப்பி முழுவதையும் எடுத்த பிறகு நாங்கள் இப்படிக் கொட்டிப் பார்த்தோம். 14 வகை இருந்தது. அதில் டாக்டருக்குத் தெரிந்தவை நான்கு.

நான் மருத்துவன் இல்லை. மூன்று வருடமாக அக்காவின் மாத்திரை டப்பாவை நிரப்புகிறவன், அவ்வளவுதான். அதனால் இதைச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எதை டாக்டரிடம் கேட்காமல் வாயில் போடக்கூடாது, எதை எதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மூன்று குவியல்

டாக்டர் சீட்டில் இருப்பது ஒரு குவியல். சீட்டில் இல்லை, ஆனால் டாக்டருக்குத் தெரியும் என்பது இரண்டாவது. அவருக்குத் தெரியவே தெரியாது என்பது மூன்றாவது. மூன்றாவதை ஒரு கவரில் போட்டுக் கட்டி, கேட்கும்வரை எடுத்து வையுங்கள். முதல் குவியலில் கை வைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் எதைப் படித்தாலும் சீட்டில் உள்ள மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது, குறைக்கவும் கூடாது.

படி 2: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இலையும் பூவும் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில்தான். நம் ஊரில் விற்கும் சத்து மாத்திரை டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி அது இருக்க வேண்டும். நாம்தான் அதைப் பார்ப்பதில்லை.

அடுத்து அளவு. 1 மில்லிகிராம் என்றால் 1,000 மைக்ரோகிராம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அயோடின் 150 மைக்ரோகிராம் போதும். பயோட்டின் 30 மைக்ரோகிராம். அக்கா சாப்பிட்ட முடி மாத்திரையில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. 10 என்றதும் சின்ன எண்ணாகத் தெரிந்தது. மைக்ரோகிராமில் அது 10,000, தேவையைப் போல 300 மடங்குக்கும் மேல். 'ஒரு வேளைக்கு 2 மாத்திரை' என்று மூலையில் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பட்டியலில் உள்ள அளவு சில சமயம் இரண்டுக்கும் சேர்த்துப் போட்டதாக இருக்கும்.

'தைராய்டு சப்போர்ட்' என்ற பெயரில் வரும் எதையும் நேராக மூன்றாவது குவியலில் போட்டுவிடலாம். அமெரிக்காவில் விற்ற இத்தகைய 10 தயாரிப்புகளைச் சோதித்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 9இல் டி3 (T3) என்ற தைராய்டு ஹார்மோன் இருந்தது, 5இல் டி4 (T4) என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன் இருந்தது. மூலிகை என்று நினைத்து ஹார்மோனையே விழுங்கியிருக்கிறார்கள். கெல்ப் என்னும் கடல்பாசி மாத்திரையில் அயோடின் அளவு புட்டிக்குப் புட்டி மாறும். அஸ்வகந்தா சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும். இயற்கையானது என்பதால் டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 3: நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

கால்சியம் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தைராய்டு ஆபரேஷன் முடிந்தவருக்கு அது அவசர மருந்து. சுரப்பிக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு பாராதைராய்டுகள் ஆபரேஷனில் அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கும். அக்காவுக்கு மூன்றாம் நாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது, விரல் நுனி மரத்தது. பயத்தில் வருகிறது என்று நினைத்துவிட்டோம், ட்யூட்டி நர்ஸ் பார்த்ததும் ரத்தம் எடுக்க ஓடினார். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால், அதிலும் கை இழுத்துக்கொண்டாலோ மூச்சு விடச் சிரமமானாலோ காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மார்பகக் கேன்சரோ புராஸ்டேட் கேன்சரோ எலும்புக்குப் பரவி, எலும்பைக் காக்க ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுகிறவருக்கும் பெரும்பாலும் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதுவார்கள், அந்த ஊசி கால்சியத்தை இறக்கும் என்பதால். ஆனால் சிலருக்குக் கேன்சரே ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும்: தாங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம். அவருக்கு இதே மாத்திரை விஷம். மூவரும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கலாம். ஆகவே 'அவங்களுக்கு இது கேட்டுச்சாம்' என்ற பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு கட்டமும் உண்டு. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர்மேல் ஏவிவிடுபவை) போட்டுக்கொள்கிறவர்களில் சிலருக்குத் தைராய்டே பாதிக்கப்படும். அசதியாக இருக்கிறது என்று கடையில் டானிக் வாங்காமல் தைராய்டு பரிசோதனை கேளுங்கள். அட்ரினல் சுரப்பியும் அடிபட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்த பிறகுதான் தைராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று அம்மாவின் மாத்திரையை எடுத்துப் போடுவது ஆபத்து.

படி 4: கடிகாரம்

எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்ஸின். கால்சியம், இரும்பு, நெஞ்செரிச்சல் சிரப் இவற்றோடு சேர்ந்தால் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு உடம்பில் ஏறாது. எங்கள் வீட்டுக் கணக்கு இது:

காலை 5.30: தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில்.
6.30: காபி. அதற்கு முன்னால் கிடையாது. எங்கள் வீட்டில் இதற்குத்தான் சண்டையே.
மதியம் 1.00: சாப்பாட்டோடு கால்சியம்.
ராத்திரி 8.30: சாப்பாட்டோடு அடுத்த கால்சியம்.

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் சாப்பாடு இல்லாமலும் போடலாம். அட்டையில் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500தான், பயப்பட வேண்டாம். கால்சியத்தையும் இரும்பையும்கூட ஒன்றாகப் போடாதீர்கள். பேன்டோபிரசோல் மாதிரியான கேஸ் மாத்திரை தினமும் போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தைராய்டு டோஸ் கூடுதலாகத் தேவைப்படலாம்.

அதிகாலை எழ முடியாது, கீமோ வாந்தியில் காலை நேரமே தகராறு என்றால், ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குச் சரி என்பார்கள்.

படி 5: அயோடின் சிகிச்சைக்கு முன்னால் சமையலறை

ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள் என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே சாப்பாட்டில் அயோடினைக் குறைக்கச் சொல்வார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள். மிச்சம் மீதி இருக்கும் தைராய்டு செல்கள் பட்டினி கிடந்தால்தான் கொடுக்கிற அயோடினை உறிஞ்சும்.

நம் கடைகளில் விற்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. நான்கு கிராம் உப்பிலேயே அன்றைய கணக்கு தாண்டிவிடும். உப்பையே விட வேண்டியதில்லை, அயோடின் சேர்க்காத உப்புக்கு மாற வேண்டும். கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாக்கெட்டைத் திருப்பினால் 'அயோடின் சேர்த்தது' என்று இருந்தது! கடல் உப்பே வேண்டாம் என்று சொல்லும் ஆஸ்பத்திரிகளும் உண்டு. உங்கள் நியூக்ளியர் மெடிசின் துறை கொடுக்கிற பட்டியல்தான் கடைசி வார்த்தை.

உப்பை மாற்றியும் தவறுவது ஊறுகாய், அப்பளம், வடாம், மோர் மிளகாய், மிக்சர், ஹோட்டல் சாம்பார் இவற்றில். யார் எந்த உப்பைப் போட்டார்களோ! கடல் மீன், கருவாடு, இறால், முட்டை மஞ்சள் கரு, பால், தயிர் இவற்றிலும் கட்டுப்பாடு இருக்கும். மல்டிவைட்டமினில் அயோடின் இருக்கலாம். கேக்கில் வைக்கும் செர்ரிக்குப் போடுகிற எரித்ரோசின் என்ற சிவப்பு நிறமியிலும் அயோடின் உண்டு. சாதம், புளி ரசம், பச்சைக் காய்கறி, பழம், வீட்டில் அரைத்த இட்லி மாவு இருந்தால் நாள் ஓடிவிடும். சமீபத்தில் சாய ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதில் இருக்கும் அயோடினுக்கு முன்னால் ஊறுகாய் ஒன்றுமே இல்லை.

படி 6: மற்ற தாதுக்கள், சுருக்கமாக

செலினியம்: தேவை 55 மைக்ரோகிராம். அமெரிக்க உச்சவரம்பு 400. கூடினால் முடி கொட்டும், நகம் உடையும். முடிக்காகச் சாப்பிட்டு முடியை இழப்பது இப்படித்தான். கேன்சரைத் தடுக்குமா என்று 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதித்த 'செலக்ட்' ஆய்வைப் பலனில்லை என்று 2008இல் நிறுத்தினார்கள். அதே ஆய்வில் தனியாகக் கொடுத்த வைட்டமின் ஈ, புராஸ்டேட் கேன்சரைக் கூட்டியது என்று 2011இல் தெரிந்தது.

ஜிங்க்: கொரோனா காலத்தில் வாங்கிய 50 மில்லிகிராம் மாத்திரை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உச்சவரம்பு 40. மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்த அணுக்களும் குறையும். கீமோவில் ஏற்கெனவே அணுக்கள் குறைகிற ஆளுக்கு இது வேண்டாத வம்பு.

மெக்னீசியம்: சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டால் சிறுநீரில் வெளியேறிவிடும், ரத்தம் பார்த்து டாக்டர்களே கொடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்கள் தானாகத் தொடக்கூடாது.

இரும்பு: ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் வேண்டாம்.

படி 7: ரத்தப் பரிசோதனைக்கு முன்னால்

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து அக்காவின் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு டோஸ் கூடினால் இது இறங்கும்) 0.15 என்று வந்தது. டோஸ் அதிகமாகிவிட்டது, குறைக்கலாம் என்று டாக்டர் மேடம் பேனாவை எடுத்துவிட்டார். அக்காவுக்கோ கை கால் வீக்கம், தூக்கம் தூக்கமாக வருகிறது. டோஸ் அதிகமானால் படபடப்பல்லவா வர வேண்டும்? மேடம் பேனாவை வைத்துவிட்டு, "முடிக்கு ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த 10 மில்லிகிராம்! பயோட்டின் உடம்பில் ஒன்றும் செய்யவில்லை, லேப் மெஷினை ஏமாற்றியிருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு அதே லேபில் பார்த்தால் 2.8. குறைக்கப் போன டோஸை ஏற்ற வேண்டியதாயிற்று.

கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் அளவையும் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். எனவே குறைந்தது 2 நாளைக்கு முன்பே நிறுத்துங்கள், அதிக அளவு என்றால் இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். டோஸ் மாற்றினால் அடுத்த பரிசோதனை 6 முதல் 8 வாரம் கழித்துத்தான், அதற்குள் எண் முழுதாக மாறாது.

படி 8: கவரை எடுத்துக்கொண்டு போங்கள்

கட்டி வைத்த மூன்றாவது குவியல் ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு டப்பாவையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீமோ அல்லது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிற நாட்களில் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரைகள் வேண்டாம் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள், அவர்களிடம் கேளுங்கள். "இதை நிறுத்தணுமா, தள்ளிப் போடணுமா, தொடரலாமா?" என்ற ஒரே கேள்வி போதும். ஓபியில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், கதை சொல்ல நேரம் இருக்காது.

எங்கள் கவரில் இருந்த பத்தில் மேடம் திருப்பிக் கொடுத்தது ஒன்று, வைட்டமின் டி. அதிலும் வாரம் ஒரு தடவை என்று மேலே பேனாவால் எழுதிக் கொடுத்தார்.