கிலோ கணக்கும் குளவிக் கூடும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அதனால் நிரையில், செடி வரிசையில், இறங்கியதும் யாரும் தலை நிமிர்வதில்லை. புல்வெட்டும் ஆட்களையும் தோட்ட நிர்வாகத்தார் குறைத்துவிட்டார்கள், பற்றைக்குள் குளவிக் கூடு இருந்தாலும் தெரியாது. செலவைக் குறைத்தது அவர்கள், கொட்டு வாங்குவது நாங்கள்.

தங்கச்சிமாரே, கூடையை மாட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். செடியின் அடிக்கிளையைக் குனிந்து பாருங்கள், நிழல் மரத்தை அண்ணாந்து பாருங்கள். ஒரே இடத்துக்குக் குளவி போய் வந்தால் அங்கே கூடு இருக்கிறது. அந்த நிரையை விடுங்கள். "விட்ட நிரைக்குக் கிலோவைக் குறையுங்கள்" என்று தனியாகக் கேட்காமல், சங்கத் தலைவியோடு எல்லோருமாக, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் கேளுங்கள்.

கூடு கலைந்துவிட்டால் கையை வீசாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு தூர ஓடுங்கள், கூடை கிடக்கட்டும். நிறையக் கொட்டு வாங்கியவரை, மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ இன்னும் அவசரமாக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொழுந்து லொறி நிறையட்டும் என்று காத்திருக்க விடாதீர்கள்.

அப்புறம், நேரம், மலை இலக்கம் (வேலை செய்த தேயிலை மலையின் எண்), பார்த்தவர்கள் பெயரை அன்றே எழுதிவையுங்கள். இலங்கையின் 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் கோரிக்கை வைக்க அது உதவும்.