சென்னையில் சானா: தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம்?

எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் ஒரு சின்ன மின்சார சானா இருக்கிறது. ஹீட்டர் மேல் சூடாகும் கற்களில் தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பும், ஃபின்லாந்து பாணி வியர்வை அறை அது. போன ஜூனில் முதல் தடவை போனபோது காது மடல் எரிந்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். சூட்டை விட ஈரப்பதம்தான் காரணம் என்று பிடிபட இரண்டு மாதம் ஆனது. புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிபி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம்.

1. ஹீட்டரை 80 டிகிரியில் வைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். காற்று சீக்கிரம் சூடாகும், கல்லுக்கு நேரம் பிடிக்கும்.

2. போர் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு, கல்லிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படியும். கேன் தண்ணீர் நல்லது. ஊற்றுவதற்கு என் தேர்வு மூங்கில் காம்பு போட்ட கொட்டாங்கச்சி அகப்பை. கை சுடாது, ஒரு முறைக்கு 100 மில்லிதான் பிடிக்கும்.

3. நான் தப்பு செய்தது இங்கேதான். வெளியே ஈரப்பதம் 75 சதவீதம், உள்ளே மீட்டரில் வெறும் 8. "இவ்வளவு வறட்சியா!" என்று நாலு அகப்பை ஊற்றினேன்.

உண்மையில் ஈரம் எங்கேயும் போகவில்லை. 32 டிகிரி காற்றை 80-க்குச் சூடாக்கும்போது சதவீதக் கணக்கு மட்டும் இறங்குகிறது. ஃபின்லாந்துக் குளிரில் மைனஸ் 10 டிகிரி காற்றை அதே சூட்டுக்குக் கொண்டுபோனால் 1 சதவீதம்கூட வராது. அவர்கள் தாராளமாக ஊற்றலாம். நம் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மேல் முத்து முத்தாக நீர் கோக்குமே, சானாவுக்குள் அந்த பாட்டில் நம் உடம்புதான். 80 டிகிரியில் ஈரப்பதம் 15 சதவீதத்தை நெருங்கும்போதே வியர்வை காய்வது நின்று, ஆவி தோல் மேல் நீராகப் படிய ஆரம்பிக்கிறது. படியும்போது தன் சூட்டையும் தோலில் இறக்கிவிடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் அடிக்குமே, அதே சூடு.

எங்கள் அறை சுமார் 6 கன மீட்டர். அதில் ஒரு அகப்பை முழுக்க ஆவியானால் 6 சதவீதம் ஏறும். ஆகவே கீழ்ப்பலகையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று, கல் மேல் பரவலாக ஊற்றுங்கள். ஃபின்லாந்துக்காரர்கள் 'லோய்லு' என்று சொல்லும் அந்த ஆவி முதலில் கூரைக்கு ஏறி, பிறகு தோளில் மெல்ல இறங்கும். இரண்டு நிமிடம் பொறுத்து, உடம்பு கேட்டால் இன்னொன்று.

4. 10 நிமிடத்தில் வெளியே வாருங்கள். நம் ஊர்க் காற்றில் வியர்வை தானாகக் காயாது. துண்டால் துடைத்துவிட்டு ஏசி அறையில் உட்காருங்கள். மே மாதப் பகலில் ஷவரை நம்பாதீர்கள், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். காலையிலேயே ஒரு பக்கெட் பிடித்து ஏசி அறையில் வைத்துவிடுவேன்.

பின்சேர்க்கை: ஊற்றினால் ஆவி வராமல் தண்ணீர் கீழே வழிகிறது என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். கல் சூடாகவில்லை என்று அர்த்தம். இன்னும் 20 நிமிடம் விடுங்கள். கல் இல்லாமல் கதிரால் உடம்பைச் சூடாக்கும் இன்ஃப்ராரெட் சானாவாக இருந்தால் தண்ணீரே ஊற்றக் கூடாது.

இன்னொன்று: நீலகிரித் தைலத்தை நேராகக் கல்லில் விடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூடாது, தீப்பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு கலந்து, அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள்.