உப்புக் காற்றில் ஒரு தாழ்வான ஹாட் ராட்: சேஸிஸிலிருந்து தொடங்கும் செய்முறை

தாழ்வான கார் வேண்டும் என்று கேட்டு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் செய்ய நினைப்பது ஸ்பிரிங்கை வெட்டுவதைத்தான். வெட்டினால் கார் தாழும். அச்சு மேலே எழும்ப இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் சேஸிஸில் மோதவும் செய்யும். உண்மையான ஹாட் ராடின், அதாவது பழைய காரைக் கழற்றி வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டியின், தாழ்வு சேஸிஸின் வடிவத்திலேயே, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. சட்டம் தரையை ஒட்டி ஓடி, பின் அச்சு வரும் இடத்தில் மட்டும் மேலே ஏறி அதைத் தாண்டிச் செல்லும். உடல் அந்தச் சட்டத்தின் மேல் உட்காராமல் அதைச் சுற்றிக் கீழே இறங்கும். நம் பாம்பனில் படகு கட்டுகிறவர்கள் படகின் அடிமரமான ஏராவை வைத்துவிட்டுத்தான் மற்றதை நினைப்பார்கள். இங்கும் அதே வரிசைதான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இளைஞர்கள் ஃபோர்டு மாடல் ஏ, 1932-ஆம் ஆண்டு வி8 ஃபோர்டு போன்ற பழைய கார்களின் மட்கார்டு முதலிய சுமைகளைக் கழற்றிவிட்டு, முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். அந்தக் கார்களில் ஏணி போன்ற தனிச் சேஸிஸ் இருந்தது. நம் ஊரில் கிடைக்கும் அம்பாசிடரிலும் பத்மினியிலும் அது இல்லை; உடலே சட்டமாக வேலை செய்யும் அமைப்பு அவற்றில். ஆகவே அந்த உடலை நடுவில் அறுத்துத் தாழ்த்த முயல வேண்டாம். சட்டத்தை நாமே செய்வோம்.

வேலைக்கு முன்: அரசின் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. எனவே இந்த வண்டி சொந்த இடத்திலும் கண்காட்சியிலும் ஓடுவதற்கானது. பொதுச் சாலைக்குக் கொண்டுபோக எண்ணாதீர்கள். கடற்கரை மணலிலும் வேண்டாம். ஆமைகள் முட்டையிடும் கரை இது. மேலும் ஒரே ஓட்டத்தில் உப்பு மணல் பிரேக் டிரம்முக்குள் புகுந்துவிடும்.

பொருள் சேகரிப்பு

பின் சக்கரங்களை மட்டும் என்ஜின் இயக்கும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றின் முன் அச்சு, பின் அச்சு, ஸ்டீயரிங் பெட்டி, பிரேக் டிரம்கள், 1.8 லிட்டர் பெட்ரோல் அம்பாசிடரின் என்ஜினும் கியர்பாக்ஸும். ஜீப்பின் டீசல் என்ஜின் உயரமானது, இந்த வேலைக்குப் பொருந்தாது. உள்ளூரில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அரிச்சல்முனைச் சாலை 2017-இல் திறக்கப்படும் வரை, தனுஷ்கோடிக்கு வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் கடல்நீரிலும் இறங்கித்தான் பயணிகளை ஏற்றிச் சென்றன. அப்படி உழைத்த வண்டியின் அச்சு விலை குறைவாக வந்தால், ஸ்பிரிங் உட்காரும் தட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலித்தால் எடுக்க வேண்டாம்.

சட்டத்துக்கு 100×50 மி.மீ., 4 மி.மீ. தடிமன் கொண்ட செவ்வக இரும்புக் குழல். 6 மீட்டர் நீளத்தில் விற்பார்கள். மீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை கிலோ. மூன்று குழல்கள் போதும்.

தரையில் முழு அளவு வரைபடம்

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் காரைப் பக்கவாட்டில் முழு அளவில் வரையுங்கள். இந்தப் படியில் இரண்டு நாள் கூடுதலாகச் செலவிட்டாலும் தவறில்லை. காரின் உயரம், தோற்றம், பாதுகாப்பு எல்லாம் இங்கேதான் முடிவாகின்றன.

முன்னும் பின்னும் 15 அங்குல ரிம். பின்னால் 235/75, முன்னால் 195/65 டயர். வண்டியின் எடை ஏறியபின் பின் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 360 மி.மீ. உயரத்திலும், முன் சக்கரத்தின் மையம் 310 மி.மீ. உயரத்திலும் நிற்கும். இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2700 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 1932 ஃபோர்டின் அளவும் கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது ஹாட் ராட் கட்டுகிறவர்கள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று: வண்டியின் எந்த உறுப்பும் ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது. டயர் வெடித்தால் ரிம் தரையில் உட்காரும். அதற்குக் கீழே சட்டம் இருந்தால் அது தரையைக் குத்தி வண்டியைத் தூக்கி எறியும். நம் கணக்கில் ரிம்மின் அடி விளிம்பு பின்னால் ஏறத்தாழ 150, முன்னால் 100 மி.மீ. உயரத்தில் வருகிறது. ஆகவே சட்டத்தின் அடியை 170 மி.மீ. உயரத்தில் வைக்கிறோம். அதற்கும் கீழே தாழ்த்த ஆசை வரும். இணங்காதீர்கள்.

அடுத்து, பின் ஏற்றம். அச்சுக் குழலின் விட்டம் 76 மி.மீ. என்றால் அதன் மேற்பகுதி 360+38, ஏறத்தாழ 400. பள்ளத்தில் அச்சு மேலே எழும்ப 90 மி.மீ. இடம் வேண்டும். எனவே அந்த இடத்தில் சட்டத்தின் அடி 490-இல் இருக்க வேண்டும். 490-இலிருந்து 170-ஐக் கழித்தால் 320. சட்டம் அவ்வளவு ஏற வேண்டும். கையில் இருக்கும் அச்சை அளந்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்றத்தைச் செங்குத்தாக வைக்காமல் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். மூலைகளில் திரளும் அழுத்தம் குறையும். சாய்வுத் துண்டின் மைய நீளம் 320×1.414, அதாவது 452 மி.மீ. இணையும் ஒவ்வொரு முனையையும் 22.5 பாகையில் அறுக்க வேண்டும்.

மட்டமான மேடை

இரண்டு ஐ-பீம்களைத் தரையில் கிடத்தி, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) கொண்டு நான்கு முனைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேடை கோணினால் சட்டமும் கோணும்; கோணிய சட்டத்தைப் பிறகு எந்த வித்தையாலும் நேராக்க முடியாது.

வெல்டிங்

இந்தக் கரையில் காற்றுதான் முதல் எதிரி. வாயுக் கவசத்தில் வேலை செய்யும் மிக் வெல்டிங் லேசான காற்றிலேயே கெட்டுப்போகும்: வாயு கலைந்து, வெல்டுக்குள் நுண்துளைகள் விழும். ஆனி, ஆடியில் கச்சானும் சோழகமும் வீசும்போது திறந்த கொட்டகையில் மிக் வெல்டிங் செய்யவே கூடாது. புதியவர்களுக்கு ராடு வெல்டிங்கே என் பரிந்துரை. டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் பொட்டு வெல்டு) வைக்க 6013 ராடு, இறுதி வெல்டுக்கு 7018, 3.15 மி.மீ.

7018 ராடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் அதிலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய் பின்னாளில் விரிசலாக வெளிவரும். திறந்த பெட்டியை ராடு அடுப்பில் உலர்த்தாமல் பயன்படுத்தாதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கம் ஒரே இரவில் ராடு நமத்துவிடும்.

முதலில் எல்லா இணைப்புகளையும் டேக் மட்டும் வையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, வேறுபாடு 2 மி.மீ.க்குள் இருந்தால் மட்டும் முழு வெல்டுக்குப் போங்கள். ஓரிடத்தில் தொடர்ந்து வெல்டு ஓட்டாமல் இடம், வலம், முன், பின் என்று மாறி மாறி வையுங்கள்.

ஏற்றத்தின் மூலைகள் நான்கிலும் வெளிப்புறத்தில் 5 மி.மீ. தகட்டைச் சாய்சதுரமாக வெட்டிப் போர்த்துங்கள். சதுரத் தகடு வைத்தால் அதன் செங்குத்து விளிம்பில், குழலின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் வெல்டு விழும். விரிசலுக்கு அதுவே வழி. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, கியர்பாக்ஸுக்குக் கழற்றக்கூடிய ஒன்று எனக் குறுக்குச்சட்டங்கள். நடுவில் பெருக்கல் குறி வடிவில் இரண்டு. பெருக்கல் குறி இல்லாத ஏணிச் சட்டம் முறுகும்.

இந்த இறுதி வெல்டுகளையும் ஸ்டீயரிங், பிரேக் தாங்கிகளையும் தேர்ந்த வெல்டரிடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் அறுத்து, பொருத்தி, டேக் வைத்துக் கொடுங்கள். அதுவே பெரிய வேலைதான்.

உப்புக்கு எதிரான வேலை

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் செய்முறைகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நமக்கு இதுதான் பாதி வேலை. 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தைப் பராமரிப்பதில் துருவை எதிர்ப்பதே முதன்மையான வேலையாக இருந்தது; 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் பூச்சையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நம் சட்டமும் அதே காற்றில்தான் நிற்கப் போகிறது.

குழலுக்கு உள்ளிருந்து வரும் துருவே ஆபத்தானது, கண்ணுக்குத் தெரியாது. எனவே முனைகளை முழுமையாகத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். போல்ட் போகும் இடங்களில் சட்டத்தை வெறுமனே துளைக்காமல், சிறு குழாயை ஊடே செருகி இருபுறமும் வெல்டு வையுங்கள். சட்டத்தின் பிடிமானமும் கூடும், உப்பு ஈரமும் உள்ளே போகாது. அடைக்க முடியாத இடம் என்றால் தண்ணீர் வடியும்படி தாழ்ந்த இடத்தில் துளையிட்டு, உள்ளே மெழுகுப் பூச்சு தெளியுங்கள். அரைகுறை அடைப்பு மிக மோசமானது.

வெளிப்புறத்தை மணல் வீச்சால் சுத்தம் செய்யக் கடற்கரை மணலைப் பயன்படுத்தவே கூடாது. அதன் உப்பு இரும்பில் பதியும். சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தாமிரக் கசடுத் தூளைக் கேளுங்கள். வீச்சுக்கு முன் சட்டத்தைக் கழுவுவது போர்வெல் தண்ணீரில் வேண்டாம். நம் பக்கத்துப் போர்வெல்களில் பல உவர்நீர். மழைநீரோ காவிரிக் குடிநீரோ சில குடங்கள் ஒதுக்குங்கள்.

வீச்சு முடிந்த இரும்பு அன்று மாலைக்குள் துத்தநாக எபாக்ஸி பிரைமருக்குள் போய்விட வேண்டும். இரவுப் பனி பட்டால் மறுநாள் மஞ்சள் துரு படிந்திருக்கும், வேலை மீண்டும் முதலிலிருந்து. அதன்மேல் எபாக்ஸி, கடைசியில் பாலியூரிதேன். துத்தநாகம் பூசிய இடத்தில் பிறகு வெல்டு வைக்க நேர்ந்தால் பூச்சை நன்றாக உரசி எடுத்துவிடுங்கள்; அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அச்சும் ஸ்பிரிங்கும்

பின்னால் ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்குகள் அச்சுக்குக் கீழே வரட்டும். முன்னால் பழைய ஃபோர்டு முறையில் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். லாரிப் பட்டை அடிக்கும் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். குறுக்கு ஸ்பிரிங் அச்சை முன்பின் அசையாமல் பிடிக்காது. அதனால் இருபுறமும் சட்டத்திலிருந்து அச்சுக்குத் தாங்குதண்டுகளும், இடவல அசைவைத் தடுக்கக் குறுக்கே ஒரு தண்டும் கட்டாயம். தாங்குதண்டை முறுக்கி முன் அச்சின் தலையை 6 பாகை பின்னோக்கிச் சாயுங்கள். ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்புவது இந்தச் சாய்வால்தான்.

என்ஜின் பின்புறம் 3 பாகை தாழ்ந்து நின்றால், பின் அச்சின் மூக்கு (புரொப்பெல்லர் தண்டு வந்து சேரும் முனை) 3 பாகை நிமிர்ந்து நிற்கட்டும். இரண்டும் இணையாக இல்லாவிட்டால் புரொப்பெல்லர் தண்டு அதிரும். பிரேக்குக்கு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், தாமிர-நிக்கல் குழாய். சாதாரண இரும்புக் குழாய் இந்தக் காற்றைத் தாங்காது.

உடல்

தளத்தைச் சட்டத்தின் மேல் வைக்காமல் அதன் அடி மட்டத்துக்கு இறக்கினால் 100 மி.மீ. தாழ்வு இனாமாகக் கிடைக்கிறது. 1.2 மி.மீ. தகடு போதும். தகடும் சட்டமும் நேரடியாக உரசாமல் ரப்பர் பட்டைகள் வையுங்கள். உரசும் இடத்தில் பெயிண்ட் போகும்; பெயிண்ட் போன இடத்தில் உப்பு உட்காரும்.

முதல் உருட்டல்

என்ஜின் போட்ட பிறகு, உடலை ஏற்றும் முன், உடலுக்கும் இரண்டு ஆட்களுக்கும் ஈடாக மணல் மூட்டைகளைச் சட்டத்தில் ஏற்றுங்கள். ஒரு பக்கத்து முன் ரிம்மின் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பின் ரிம்மின் அடி விளிம்பு வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். பிறகு மறுபக்கம். நூலை எதுவும் தொடக் கூடாது: எண்ணெய்த் தொட்டி, சைலன்சர், ஸ்பிரிங் போல்ட் எதுவும். தொட்டால் அந்த உறுப்பை உயர்த்துங்கள். பிறகு கையால் தள்ளி முற்றத்தில் உருட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி, முன் டயர் எதையும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, எல்லா நட்டுகளையும் மீண்டும் முறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகியிருப்பது பார்த்தவுடன் தெரியும்.