நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக நினைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பி.எஸ்சி நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு வருஷம் நைட் டூட்டியும் பார்த்தாச்சு, இனி வெளிநாடுதான் என்று இருப்பவர்கள் உடனே ஏஜென்டிடம் ஓடாதீர்கள். எந்த நாடு என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நாட்டுக்கு நாடு பரீட்சை வேறு.

வளைகுடாவுக்குச் சீக்கிரம் போகலாம். டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் மாதிரி ஒரு லைசென்ஸ் தேர்வு, இரண்டும்தான் பெரிய வேலை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு பாஸ் செய்தாலும் விசா வரிசையில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். பிரிட்டன் கோவிட் சமயத்தில் அள்ளி எடுத்தது, இப்போது அந்த வேகம் இல்லை.

என்னைக் கேட்டால் ஜெர்மனி. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி மாதிரி ஆங்கிலத் தேர்வு எதுவும் வேண்டாம், ஆனால் ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலை (ஓரளவு சரளமாகப் பேசும் அளவு) வேண்டும். ஆரம்ப நிலையான ஏ1-ல் தொடங்கி முழுநேரமாகப் படித்தாலே ஏறக்குறைய ஒரு வருஷம் போய்விடும், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இன்னும் இழுக்கும். சென்னையில் கோதே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவனிலேயே படித்துப் பரீட்சையும் எழுதலாம்.

ஜெர்மன் படிக்கும்போதே உங்கள் நர்சிங் கல்லூரியில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி நேரம், வார்டு எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் அந்தந்த ஜெர்மன் மாநிலம் உங்கள் படிப்பைத் தன் படிப்போடு ஒப்பிடும். பெரும்பாலும் ஏதோ குறை இருக்கிறது என்று டெஃபிசிட் லெட்டர் வரும். பயப்பட வேண்டாம், அது நிராகரிப்பு இல்லை. அங்கே போய் அந்தக் குறையை ஈடுகட்டும் அடாப்டேஷன் கோர்ஸ் முடிக்கலாம், இல்லை ஒரு தேர்வு எழுதலாம். அதுவரை உதவியாளர் வேலை, சம்பளமும் குறைவு.

இன்னொன்று, இதை ஏஜென்ட் சொல்ல மாட்டார். இங்கே உறவினர்களும் அட்டெண்டரும் பார்க்கிற குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அங்கே நர்ஸ் வேலைதான். அது பிடிக்காது என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பணம். ஜெர்மன் அரசுத் தரப்பின் ட்ரிபிள் வின் திட்டத்தில் நர்ஸிடம் ஏஜென்சிக் கட்டணம் வாங்குவதில்லை. நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் பாருங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் லைசென்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள், சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டாலோ ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில், பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.