மெனோபாஸ் மூட்டு வலி: எனக்கு உதவிய நாற்காலிப் பயிற்சி

போன வருஷம் ஒரு நாள் காலை ஃப்ளாஸ்க் மூடியைத் திருக முடியவில்லை. விரல்கள் அப்படி விறைத்திருந்தன. கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி மரப்பாச்சி நடைதான். வயது 49, கடைசியாக மாதவிலக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

மூட்டு, தசை, எலும்பு எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு வேலை உண்டு. மாதவிலக்கு நிற்கும் மெனோபாஸ் சமயத்தில் அது குறையும்போது இவையும் முரண்டு பிடிக்கின்றன. அமெரிக்க எலும்பு மருத்துவர் வோண்டா ரைட்டும் சகாக்களும் 2024-இல்தான் இந்தத் தொல்லைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெயரே வைத்தார்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, தேவைப்பட்டால் முடக்குவாதத்துக்கான சோதனை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மெனோபாஸ்தானே என்று விட்டுவிடாதீர்கள். தோளைத் தூக்கவே முடியாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். இந்த வயதில், அதுவும் சர்க்கரை இருந்தால், தோள் இறுகிப்போவது சகஜம்.

அடுத்து நாற்காலி. நான் சறுக்கிய இடம் இதுதான். வலிக்கிறதே என்று இரண்டு மாதம் அசையாமல் கிடந்தேன். தொடைச் சதை இளைத்து, முழங்கால் இன்னும் மோசமானது. சரி என்று ஒரு நாள் ஆவேசமாக முப்பது முறை உட்கார்ந்து எழுந்தேன். மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறங்கினேன்!

இப்போது செய்வது இப்படி: நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது. தொப்பென்று விழாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மனதுக்குள் எண்ணியபடி இறங்குங்கள். ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கஷ்டமாக இருந்தால் ஆசனத்தில் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம்.

கைகளுக்குத் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாதி நிரப்பினால் அரைக் கிலோ. ரப்பர் பட்டை, டம்பெல் எல்லாம் வாங்கினேன். பட்டை இப்போது பழைய பேப்பர் கட்ட உதவுகிறது.

ஒத்தடம். மின்சாரப் பையைவிடக் கல் உப்பு மூட்டைதான் எனக்குப் பிடிக்கும், விரல் இடுக்கிலெல்லாம் பதியும். முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு வையுங்கள். நல்லெண்ணெய் தேய்ப்பது சுகம், அவ்வளவுதான். மூட்டுக்குள்ளே அது போவதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சாப்பாட்டில் ஒரே மாற்றம்: வெறும் இட்லி சட்னியாக இருந்த காலை உணவோடு முட்டையோ சுண்டலோ சேர்த்தேன். சதை வளரப் புரதம் வேண்டுமே. உடல் வெக்கையும் தூக்கமின்மையும் சேர்ந்து படுத்தினால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோயோ கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவோ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வித்தியாசம் தெரிய ஏழெட்டு வாரம் ஆனது.

பின்சேர்க்கை: எழும்போது முழங்காலில் 'டக் டக்' சத்தம் வருகிறதே என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வலியோ வீக்கமோ இல்லையென்றால் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொன்று: ஒரு அக்கா வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். அட்டையில் கிழமையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள், அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நான் காலையில் தைராய்டு, மதியம் சாப்பாட்டோடு கால்சியம்.