அப்பா பெயரைக் கடைசியில் கேளுங்கள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் வைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறை, நடத்துகிறேன். வேலை பழகப் பையன் எடுக்கும் பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாசலில் நின்று "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்காதீர்கள். தெருவையும் கேட்க வேண்டாம். எங்கள் பக்கம் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும். பொருளாதார ஆய்வாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதவரை ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகத் தீர்த்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியை அறிவித்ததும் பின்தங்கினார்கள்.

அடுத்து, எரிந்த மோட்டார் ஒன்றை மேசைமேல் வையுங்கள். ஒரு காயிலை (கம்பிச் சுருளை) நீங்களே பிரித்துக் காட்டுங்கள்: சுற்றுகளை எண்ணுவது, கம்பியின் கனத்தை அளப்பது, கம்பி எந்த ஸ்லாட்டிலிருந்து (பள்ளத்திலிருந்து) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று வரைவது. இரண்டாவது காயிலை அவனிடம் விடுங்கள். முன்பே தெரிந்தவனைத் தேடினால் பட்டறை உள்ள வீட்டுப் பிள்ளைதான் கிடைப்பான். காட்டியதை எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்பதைப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தவனுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்; மலையாளம் தடுமாறுவதற்கும் கைத்திறனுக்கும் சம்பந்தம் இல்லை.

இதில் நான் தவறியிருக்கிறேன். "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று ஒரு மெக்கானிக்கின் மகனை எடுத்துக்கொண்டு, தென்னை ஏறுபவரின் மகனைத் திருப்பி அனுப்பினேன். மெக்கானிக் மகனின் கைவேகத்தை ரத்தம் என்று நினைத்தேன். அவன் எட்டு வயதிலிருந்தே செம்புக் கம்பியோடு வளர்ந்தவன். மற்றவன் பொள்ளாச்சிக்குப் போய்த் தொழில் பழகினான். அவன் சுற்றிய மோட்டார் ஒன்று பேரிங் மாற்ற என்னிடமே வந்தது. அப்படி ஒழுங்காகக் கட்டிய காயிலை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறப்பால் ஒன்றுமே வராது என்று சொல்லவில்லை. இரட்டையர் ஆய்வுகள் அறிவுத்திறனில் மரபுக்கும் பங்கு உண்டு என்றே காட்டுகின்றன. ஆனால் கலந்த விதையை ஒரே மூட்டையிலிருந்து அள்ளி, மூலத்தரை வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் விதையுங்கள். ஒரு வயலுக்குள் பயிருக்குப் பயிர் உயரம் மாறுவது விதையால் இருக்கலாம்; வயலுக்கு வயல் மாறுவது தண்ணீரால். மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் 1970இல் மக்காச்சோள விதையை வைத்து இதைத்தான் விளக்கினார். சாதிக்குச் சாதி தெரியும் வித்தியாசமும் விதையால் அல்ல, தண்ணீரால் வந்ததாக இருக்கலாம்.

மதிப்பெண்ணை இருவர் தனித்தனியாகப் போடுங்கள்: எண்ணிக்கைக்கு 3, படத்துக்கு 4, புரியாததைக் கேட்டதற்கு 3. அடுத்தவனைக் கூப்பிடும் முன்பே எழுதிவிடுங்கள். பதிவேட்டுக்கு அப்பா பெயர் வேண்டுமென்றால், கூட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.